பென்சில் வரைந்த கடத்தல்காரன்

பென்சில் வரைந்து முடித்த கடத்தல்காரனின் முகம் அச்சு அசலாக ரப்பரின் முகமாக இருந்தது.

காகிதத்தை முதலில் வாங்கிப் பார்த்தவர் இன்ஸ்பெக்டர். பார்த்தார். நிமிர்ந்து, கதவில் சாய்ந்து நின்ற ரப்பரைப் பார்த்தார். மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார். அதே பரந்த நெற்றி, அதே உருளைக்கிழங்கு மூக்கு, ஒன்றோடொன்று கைகுலுக்கத் துடிக்கும் புருவங்கள், ஒரு பக்கம் மட்டும் தூக்கலாக நிற்கும் மீசை. வலது காதின் மேல் விளிம்பில் எலி கடித்த மாதிரி இருக்கும் அந்தச் சின்ன வெட்டுகூட விட்டுப்போகவில்லை.

"சார், இந்த ஆளை எனக்கு நல்லாத் தெரியும்," என்றான் ரப்பர். "தினமும் காலையில கண்ணாடியில பார்க்கிறேன். தங்கமான பையன். ஆளைக் கடத்துற அளவுக்குச் சுறுசுறுப்பு கிடையாது."

பென்சில் என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. சாட்சிகள் சொல்லச் சொல்ல, பார்த்தே இராத முகங்களை வரைந்து தருவது காவல் துறையில் அவள் வேலை. காதில் ஒரு பென்சில், கொண்டையில் ஒரு பென்சில், கையில் ஒன்று என்று அவள் திரிவதைப் பார்த்து ஸ்டேஷன் வைத்த பெயர் அது. அவளுக்கு உதவியாளாக வந்து சேர்ந்த கான்ஸ்டபிள், முதல் நாளே அவள் பாதி வரைந்திருந்த படத்தின் மேல் தேநீரைக் கொட்டி மொத்தத்தையும் அழித்துவிட்டான். அன்றிலிருந்து அவன் ரப்பர்.

வழக்கு அன்று காலையில்தான் வந்தது. கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வீட்டிலிருந்து காணாமல் போயிருந்தார். சாம்பல் நிறக் கார் ஒன்று வாசலில் வந்து நின்றதையும், பெரியவர் அதற்குள் போனதையும் எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். அவராக ஏறினாரா, யாராவது இழுத்தார்களா என்று கேட்டதற்கு, முதலில் ஏறின மாதிரி இருந்தது என்றவர், மூத்த மகன் பதறியதைப் பார்த்ததும் இழுத்த மாதிரியும் இருந்தது என்று சொல்லிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வேகமானவர். மதியத்துக்குள் அந்தத் தெருப்பக்கம் வந்துபோன சாம்பல் நிற வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து, அதன் டிரைவரைக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். ஒல்லியான, சுருட்டை முடிக்காரன். யாரோ ஒரு நோயாளியை இறக்கிவிட வந்ததாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மனைவி போன் செய்துகொண்டே இருந்தாள். எடுத்துப் பேச அவனை யாரும் விடவில்லை.

காலையில் வீட்டில் இருந்தது பெரியவரின் மூத்த மருமகள் மட்டும்தான். அவளை வரவழைத்து, வந்தது இந்த ஆள்தானா என்று கேட்டார்கள். இல்லை என்று உடனே சொல்லிவிட்டாள். பிறகு யார் என்றதற்குக் கொஞ்சம் விழித்துவிட்டு, வேறு ஒருத்தர் என்றாள். அப்படியானால் அந்த வேறு ஒருத்தரைச் சொல்லு, எங்கள் மேடம் வரைவார்கள் என்று பென்சிலிடம் அனுப்பினார்கள். அதன் விளைவுதான் ரப்பரின் முகம்.

இன்ஸ்பெக்டர் அதைச் சாதாரணமாக விடுவதாக இல்லை. காலையில் எங்கே இருந்தாய் என்று ரப்பரையே கேட்டார். உங்கள் ஜீப்புக்கு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன் என்று பதில் வந்தது. அப்படியென்றால் இதே ஜாடையில் இன்னொருவன் ஊரில் இருக்கிறான், பெஞ்சில் இருக்கும் டிரைவர் அவனுடைய கூட்டாளி, மாலைக்குள் டிரைவரைக் கோர்ட்டில் ஒப்படைத்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டார். சாயங்காலம் வரைக்கும் பொறுக்கும்படி பென்சில் கேட்டுக்கொண்டாள். காணாமல் போனவரின் முகத்தையும் ஒரு தடவை வரைந்து பார்த்துவிடுகிறேன் என்றாள்.

பெரியவரின் வீட்டுக்கு வண்டியில் போகும்போது ரப்பர் பொருமிக்கொண்டே வந்தான்.

"இந்தம்மா என்னை ஏன் மேடம் மாட்டிவிடணும்? முன்ன பின்ன பார்த்ததுகூட இல்ல."

"பார்த்தா. நீ கதவுல சாஞ்சு நின்னே இல்ல?"

பென்சிலின் அறையில் சாட்சி உட்காரும் நாற்காலி எப்போதும் வெறும் சுவரைப் பார்த்துத்தான் இருக்கும். அந்தச் சுவரில் காலண்டர்கூட மாட்ட விடமாட்டாள். கண்ணில் படும் முகம் ஞாபகத்தில் இருக்கும் முகத்தோடு கலந்துவிடும் என்பது அவள் கட்சி. அன்று அறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்ததால், பழைய கோப்புகள் அடுக்கிய அறையில் உட்கார வேண்டியதாயிற்று. மருமகளுக்கு நேர் எதிரே கதவு. கதவில் ரப்பர்.

"மூக்கு எப்படின்னு கேட்டேன், உன்னைப் பார்த்துட்டுச் சொன்னா. புருவம் கேட்டேன், மறுபடி உன்னைப் பார்த்தா. சரி, சோதிச்சுப் பார்ப்போம்னு காது எப்படின்னு கேட்டேன். உண்மையா ஒருத்தரைப் பார்த்தவங்களுக்கு ஏதோ ஒண்ணுதான் நச்சுனு ஞாபகம் இருக்கும், மத்ததெல்லாம் புகை. காதை யாரும் பார்க்கிறதே இல்ல. இவ வெட்டு முதக்கொண்டு சொல்றா."

"அப்போ மாமனாரை இவளே முடிச்சுட்டு நாடகம் போடுறா."

"முடிச்சிருந்தா அந்த டிரைவரைக் கைகாட்டிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பா. அவன் மாட்டக்கூடாதுன்னுதான் இல்லாத ஒருத்தனை உண்டாக்கினா. பொய் சொல்லத் தெரியாத பொண்ணு. யாருக்காகவோ சொல்றா."

"அதுக்கு ஊர்ல வேற மூஞ்சியே கிடைக்கலையா?" என்றான் ரப்பர். அதற்கு மேல் பேச விடாமல் ஒரு சிக்னலில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் வண்டியை மறித்தார். கையில் இருந்த போனைப் பார்த்தார், ரப்பரைப் பார்த்தார், விசிலை வாயில் வைத்தார். பொறுக்கிறேன் என்று தலையாட்டிய இன்ஸ்பெக்டர், அவர்கள் கிளம்பியதும் படத்தை எல்லாருக்கும் அனுப்பிவிட்டிருந்தார். ரப்பர் சாதாரண உடையில் இருந்தது வேறு வசதியாகப் போயிற்று. அடையாள அட்டையைக் காட்டி, பென்சில் சாட்சி சொல்லி, ஸ்டேஷனுக்குப் போன் போட்டுப் பேசி மீண்டு வருவதற்குள் ரப்பருக்கு வியர்த்துவிட்டது. அதன் பிறகு அவன் வாயையும் மூக்கையும் கைக்குட்டையால் கட்டிக்கொண்டுதான் வண்டி ஓட்டினான். இப்போதுதான் பார்க்கக் கடத்தல்காரன் மாதிரி இருக்கிறாய் என்றாள் பென்சில்.

பெரியவரின் வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. நெரிசல் இல்லாத, சுத்தமான வீடு. கூடத்து மேஜை மேல் பெரியவரின் ரத்த அழுத்த மாத்திரைப் பெட்டி இருந்தது. மூத்த மகன் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டினான். ஒரு வேளை தவறினாலும் தாங்காது, அவரை நாங்கள் மாடிப்படிகூட ஏற விடுவதில்லை, லிஃப்ட் வேலை செய்யாத நாளில் வெளியே அனுப்புவதே இல்லை என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்து திறந்து மூடினான். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறியதற்காகப் போன மாதம் அப்பாவைத் திட்டியதை நினைத்து இப்போது வருத்தப்பட்டான். மனிதன் அன்பில்லாதவன் இல்லை என்பது பென்சிலுக்குப் புரிந்தது. அன்பை எல்லாம் பூட்டாகச் செய்து மாட்டியிருக்கிறான், அவ்வளவுதான்.

பெரியவர் இருக்கும் ஒரே படம் இளைய மகனின் கல்யாணத்தில் எடுத்தது. அதில் பெரியவர் குனிந்து செருப்பு தேடிக்கொண்டிருந்தார். மூத்தவன் அதையே பெரிதாக்கி, காணவில்லை என்று மேலே போட்டு, கட்டுக் கட்டாக அச்சடித்து வைத்திருந்தான். அதில் தெரிந்தது ஒரு நெற்றியும் ஒரு மீசையும்தான்.

பென்சில் மடியில் பலகையை வைத்துக்கொண்டு இரண்டு மகன்களையும் எதிரே உட்கார வைத்தாள். அப்பாவின் முகத்தைச் சொல்லச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் சண்டை வந்துவிட்டது. வகிடு இடப்பக்கம் என்றான் மூத்தவன். அப்பாவுக்கு வகிடே கிடையாது, பின்னால் தள்ளி வாருவார் என்றான் இளையவன். கண் சின்னது என்றான் ஒருவன். கண்ணாடி போட்டதால் அப்படித் தெரிகிறது என்றான் மற்றவன். அப்பாவின் கண்ணாடி சதுரமா வட்டமா என்று கேட்டபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மீசையில் மட்டும் ஒற்றுமை இருந்தது. வெள்ளை வெளேர் என்று, துடைப்பம் மாதிரி, உதட்டையே மறைக்கும் மீசை. தாங்கள் பிறந்ததிலிருந்து அப்பாவை அந்த மீசை இல்லாமல் பார்த்ததே இல்லை என்றார்கள்.

மருமகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஸ்டேஷனில் இருந்ததைவிட முகம் வெளிறியிருந்தது. போகத் திரும்பியவளை நிறுத்தி, இதில் ஏதாவது தப்பாக இருக்கிறதா பார்த்துச் சொல்லும்மா என்று படத்தைத் திருப்பிக் காட்டினாள் பென்சில்.

மருமகள் பார்த்தாள். அவளுக்கு மாமனாரைப் பிடிக்கும் என்பது அவள் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. கண்ணைக் கொஞ்சம் சிரிக்கிற மாதிரி போடச் சொன்னாள். தாடையைக் கொஞ்சம் அகலமாக்கச் சொன்னாள். சொல்லச் சொல்ல உற்சாகம் வந்துவிட்டது.

"மீசைக்கு அடியில மேலுதடு இப்படித் தடிப்பாத் தெரியக் கூடாதுங்க. மெல்லிசா இருக்கும். நடுவுல நல்லா ஒரு பள்ளம் விழும்."

பென்சில் மீசைக்கு அடியில் லேசாக அப்படியே வரைந்துகொண்டாள். கை கழுவ வேண்டும் என்று எழுந்து போனவள், குளியலறைத் தொட்டியின் சல்லடைக்கு மேல் குனிந்து கொஞ்ச நேரம் நின்றாள். பின்னாலேயே வந்த ரப்பர் எட்டிப் பார்த்தான்.

"வெள்ளை முடி," என்றான். "யாரோ பூனையைக் குளிப்பாட்டியிருக்காங்க."

"பூனை இல்லப்பா. துடைப்பம். பிறந்ததிலேருந்து கூட இருக்கிற பிள்ளைங்களே பார்க்காத உதட்டை, நேத்து வந்த மருமக எப்படிப் பார்த்தா? காலையில மீசையை எடுத்துட்டு அவர் இவ கண் எதிர்லதான் கிளம்பிப் போயிருக்கார். கடத்திட்டுப் போக வந்தவன், ஷேவ் பண்ணிட்டு வாங்கன்னு காத்திருப்பானா?"

கதவோரம் நிழலாடியது. மருமகள் நின்றிருந்தாள். கடைசி வாக்கியம் அவள் காதில் விழுந்துவிட்டது. கூடத்தின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினாள்.

"மாமா பத்திரமா இருக்கார். சாயங்காலம் அவரே வந்து சொல்றேன்னு சொல்லியிருக்கார். அதுவரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்னு வாக்கு கொடுத்துட்டேன். தயவுசெஞ்சு கேக்காதீங்க."

"அந்த டிரைவர் இன்னும் பெஞ்சுலதாம்மா உட்கார்ந்திருக்கான்."

மருமகளின் கண் கலங்கியது. ஆனாலும் சொல்லவில்லை. அந்தப் பிடிவாதம் பென்சிலுக்குப் பிடித்திருந்தது.

"சரி, நான் கேக்கலை. வரைஞ்சுக்கிறேன்."

திரும்பி வந்து பலகையை எடுத்தாள். மகன்களிடம் அவள் அடுத்து விசாரித்தது புது அடையாளங்களைப் பற்றி. சமீபத்தில் அப்பா முகத்தில் காயம், தழும்பு, தடிப்பு என்று ஏதாவது உண்டா? மூத்தவனுக்கு உடனே ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகம் போய்விட்டு வரும்போது அப்பாவின் நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு இருக்கும். ஒவ்வாமை என்று நினைத்து இவனே களிம்பு வாங்கிக் கொடுத்திருக்கிறான். நெற்றியில் இல்லை, இரண்டு கன்னத்திலும்தான் என்றான் இளையவன். மேஜையில் தலை வைத்துத் தூங்கிவிட்டேன் என்று அப்பா அவனிடம் சொல்லியிருக்கிறார்.

மறுபடியும் சண்டை தொடங்குவதற்குள், இரண்டு பேரும் சொல்வது சரிதான் என்றாள் பென்சில். மூத்தவன் சொன்ன இடத்தில் நெற்றிக் கோட்டை இழுத்தாள். இளையவன் விரலால் காட்டிய இடத்தில் கன்னக் கோடுகளை இழுத்தாள். மூன்றும் தாமாகவே போய்ச் சேர்ந்துகொண்டன. நெற்றியிலிருந்து பொட்டோரமாக இறங்கி, கன்னத்தில் வளைந்து, மூக்குக்கு அடியில் முடிந்தது அந்த வளையம். அடிப்பக்கக் கோடு மீசைக்குள் போய் மறைந்தது.

எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூலகத்தில் தலையை ஜன்னல் கம்பிக்குள் விட்டிருப்பார் என்றான் ரப்பர். குடத்துக்குள் விட்டாலும் இந்த மாதிரி வரும் என்றான். அப்புறம் திடீரென்று கைக்குட்டையை இறக்கிவிட்டுத் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"மேடம், இது எனக்கும் வந்துச்சு. வெள்ள மீட்புப் பயிற்சியில. தண்ணிக்கு அடியில போடுற கண்ணாடி மேடம். மூக்கையும் சேர்த்து மூடும். கீழ் விளிம்பு மேலுதட்டுல வந்து உட்காரும். எனக்கு மீசை நடுவுல நின்னு வழி விட்டுடுச்சு. மொத்தக் குளமும் என் மூக்குக்குள்ள குடிவந்துடுச்சு. மீசையா நீச்சலான்னு முடிவு பண்ணிட்டு வான்னு மாஸ்டர் சொல்லிட்டார்."

"நீ என்ன முடிவு பண்ணே?"

"பார்த்தாத் தெரியலையா மேடம்?"

பென்சில் சிரிக்கவில்லை. அழிரப்பரை எடுத்துப் படத்தில் இருந்த மீசையை அழித்தாள். வளையத்தின் அடிக்கோடு இப்போது மெல்லிய மேலுதட்டின் மேல், அந்தப் பள்ளத்துக்குச் சற்று மேலே, தடையில்லாமல் ஓடியது. பெரியவருக்குக் கப்பலில் என்ன வேலை என்று மகன்களைக் கேட்டாள். ரேடியோ ஆபரேட்டர் என்றார்கள். ஒரே சரக்குக் கப்பலில், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும் வரை. அந்தக் கப்பல் இப்போது எங்கே என்றாள். பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்றான் மூத்தவன்.

இளையவன் தயங்கினான். "இல்லண்ணா. மீன்கள் தங்குறதுக்காக அதைத் துறைமுகத்துக்கு வெளியில கடல்ல மூழ்க வச்சாங்க. பேப்பர்ல வந்துச்சு. அப்பா எங்கிட்ட காட்டினார். அன்னிக்கு முழுக்க அவர் யார்கூடவும் பேசலை."

சமையலறை வாசலில் மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். அது போதுமாக இருந்தது.

மூத்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். "கடலுக்கு அடியிலயா? எங்கப்பாவா?" என்றான். பென்சில் பதில் சொல்ல நிற்கவில்லை. அவளுக்கும் உள்ளுக்குள் பயம் வந்திருந்தது. மருமகள் சொன்ன பத்திரம் கரையில் இருக்கும்வரைதான். மேஜையில் மாத்திரைப் பெட்டி கிடக்கிறது. அறுபதைத் தாண்டிய மனிதர், தண்ணீருக்குள்.

துறைமுகத்தின் தென்கோடியில் சின்னப் படகுத்துறை ஒன்று இருந்தது. கடலில் மூழ்கிப் பார்க்கப் பழக்குகிறவர்களின் கொட்டகை அங்கேதான். கொட்டகைக்குள் ரப்பர் உடைகள் ஈரம் சொட்டத் தொங்கின. படகு இல்லை. போய் வெகுநேரமாகிறது என்று கயிறு சுற்றிக்கொண்டிருந்தவர் சொன்னார். கொட்டகைக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறக் கார் நின்றிருந்தது.

"கடத்தல்காரன் உள்ள இருக்கான்," என்றான் ரப்பர், தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு. "நீங்க பின்னாடி நில்லுங்க மேடம். என் மாதிரியே இருப்பான்னா நான் சமாளிச்சுக்குவேன்."

கதவைத் திறந்துகொண்டு இறங்கியது ஒரு பெண்மணி. வயது அறுபது இருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, தோளில் இரண்டு துண்டு, கையில் பிளாஸ்க். உங்களுக்கு என்ன வேண்டும் என்று மாணவிகளை அதட்டிப் பழகிய குரலில் கேட்டார். ரப்பர் தன்னை அறியாமல் நிமிர்ந்து நின்றான்.

பென்சில் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைப் பருவத்தில் காணாமல் போனவர்கள் இன்று எப்படி இருப்பார்கள் என்று வரைவதும் அவள் வேலைதான். ஒரு முகத்தில் எது மாறும், எது மாறாது என்று கைக்குப் பழகிவிட்டிருந்தது. ஸ்டேஷனில் அவள் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பது வயது கூட்டினால் இந்த முகம் வரும். அதே கன்னத்து எலும்பு. அதே பிடிவாதமான முகவாய்.

"உங்க பொண்ணுக்குப் பொய் சொல்ல வராதும்மா," என்றாள். "உங்களைக் காட்டிக்கொடுக்காம இருக்கறதுக்காக எங்க கான்ஸ்டபிளைக் கடத்தல்காரனாக்கிட்டா."

மருமகளைப் பெற்ற தாய்தான் அவர். காணாமல் போனவருக்குச் சம்பந்தியம்மா. பெண்கள் பள்ளியில் நீச்சல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தன் பழைய கப்பலை ஒரு தடவை பார்க்க வேண்டும், பிள்ளைகளிடம் கேட்டால் கதவைப் பூட்டிவிடுவார்கள் என்று பெரியவர் மருமகளிடம் சொல்ல, அவள் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நூலகம் என்பது நீச்சல் குளம். படகை ஓட்டிப்போனது சம்பந்தியம்மாவின் பழைய மாணவி. மருத்துவர் இதயத்தைச் சோதித்துச் சரி சொன்ன பிறகுதான் சேர்த்துக்கொண்டோம், காலை மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் வந்தார், அடுத்த வேளைக்கு உள்ளது என் பையில் இருக்கிறது என்று பையைத் தட்டிக் காட்டினார். அதுவரை அவர் குரலில் அதட்டல் குறையவில்லை. போலீஸ் வரை போனதும், சம்பந்தமில்லாத ஒரு டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதும் தெரிந்ததும்தான் பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"போனைக் குடுங்க," என்றார். "நான்தான் கூட்டிட்டு வந்தேன்னு சொல்றேன். முதல்ல அந்தத் தம்பியை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் குதித்தார். மருமகளை விசாரிக்கப் போவதாகச் சொன்னார். எதிர்வீட்டுக்காரரை விசாரிக்கப் போவதாகச் சொன்னார். கடைசியில் பென்சில் போனை வாங்கி, கடத்தல்காரன் படத்தை வரைந்தது நான், அதை ஊர் முழுக்க அனுப்பியது நீங்கள், இதில் யாரை யார் விசாரிப்பது என்று பொறுமையாகக் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் டிரைவரே லைனில் வந்தான். கிளம்பச் சொல்லிவிட்டார்கள் என்றான். பெரியவர் நன்றாக இருக்கிறாரா என்று விசாரித்தான். சம்பந்தியம்மா அவனிடம் மன்னிப்புக் கேட்டார். வீட்டு முகவரியை வாங்கிக்கொண்டார். நேரில் வந்து மறுபடி கேட்கிறேன் என்றார்.

வெயில் தணிந்து தண்ணீர் செம்பு நிறமானபோது படகு வந்தது. பென்சில் போனில் இடத்தை மட்டும் சொல்லியிருந்ததால், அதே நேரத்தில் மூத்த மகனின் காரும் வந்தது. இளையவனும் மருமகளும் இறங்குவதற்குள் மூத்தவன் பாதித் துறையைத் தாண்டி ஓடிவிட்டான். கையில் அந்த அச்சடித்த காகிதக் கட்டு. கயிறு சுற்றுகிறவரிடம் ஒன்றைக் கொடுத்தான். வலை உலர்த்துகிறவரிடம் ஒன்றைக் கொடுத்தான். படகிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த கறுப்பு ரப்பர் உடுப்புக்காரர் ஒருவரிடமும் ஒன்றை நீட்டினான். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு, ஈர முடி நெற்றியில் ஒட்ட, மழமழவென்ற முகத்தோடு நின்றார் அவர். முகத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம்.

"சார், இவரை எங்கேயாவது பார்த்தீங்களா?" மூத்தவனின் கண் படகுக்குள் தேடிக்கொண்டிருந்தது. "எங்கப்பா சார். வெள்ளை மீசை. இன்னிக்குக் காலையிலேருந்து காணோம்."

அவர் காகிதத்தை வாங்கினார். ஈரக் கை பட்டு அதன் ஓரம் ஊறியது. நன்றாகத் தூரத்தில் பிடித்து, குனிந்து செருப்பு தேடும் அந்த மனிதரைப் பார்த்தார்.

பென்சிலுக்கு அருகில் நின்ற மருமகள் கணவனைக் கூப்பிட வாயெடுத்தாள். பென்சில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பார்த்திருக்கேன் தம்பி," என்றார் பெரியவர். "உங்க வீட்டுலதான் ரொம்ப நாளா இருந்தார். எழுந்திரிக்காதீங்கன்னு நீ சொன்னா எழுந்திரிக்க மாட்டார். நல்ல மனுஷன். கொஞ்சம் சோம்பேறி."

மூத்தவன் திரும்பினான். குரலைத்தான் முதலில் அடையாளம் கண்டான். முகம் அவனுக்குப் பிடிபட நேரமாயிற்று. அந்த உதட்டை அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தான். கையில் இருந்த கட்டு நழுவி, காகிதங்கள் துறை முழுக்கப் பறந்தன. சில தண்ணீரில் விழுந்தன. ரப்பர் அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடினான்.

திட்டுவதற்குத்தான் மூத்தவன் வாயைத் திறந்தான். மாத்திரை, வயது, கடல், போலீஸ் என்று ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாம் வந்தன. எதுவும் முழுதாக வரவில்லை. பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி, அதன் பட்டையை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். பேசிப் பேசி ஓய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு மூத்தவன் நின்றான். அவன் நிறுத்திய பிறகுதான் பெரியவர் வாயைத் திறந்தார்.

"என் ரூம் அப்படியே இருக்குடா. கதவைத் திறந்தபடியேதான் மூழ்க வச்சிருக்காங்க. ரேடியோ வச்ச மேஜை இருக்கு. நான் கால் நீட்டி உட்காருவேனே, அந்த இடத்துல ஒரு மீன் குடியிருக்கு. உள்ள எட்டிப் பார்த்தேன். கதவைத் தட்டாம வந்துட்ட மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்துச்சு பாரு."

படகு துறையில் மோதி மோதி விலகியது. மூத்தவன் அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் கால்சட்டையோடு அந்த ஈரப் பலகையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எவ்வளவு பெரிய மீன்ப்பா?" என்றான்.

பெரியவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அது போதவில்லை. ஒரு கையை மகனின் மார்புக்குக் குறுக்கே நீட்டி, அந்தப் பக்கத் தோள் வரைக்கும் கொண்டுபோனார்.